பன்னிரண்டு ஜோடிச் செருப்பு

(தலைப்பு: பிள்ளையைப் பிரிந்து வெளியூரில் உழைக்கும் தாய்க்குத் தனக்கென்று ஓர் ஆசை தேவையா, தேவையில்லையா? திருவண்ணாமலை மேடையில் 'தேவையே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு இன்றைக்கு வாய்த்திருப்பது ரொம்பச் சங்கடமான வேலை. ஊரோ திருவண்ணாமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிற ஊர். 217 அடி உயர ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறதுக்கு முன்னாலே, குனிந்து செருப்பைக் கழற்ற வேண்டிய ஊர். இந்த ஊரிலே வந்து நின்றுகொண்டு ஒருத்தி செருப்புக்கு வக்காலத்து வாங்கணும்! கோயில் வாசலிலே செருப்புத் தொலைந்தால் பீடை விட்டது என்று சொல்லுவார்கள். நானும் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன், தொலைகிறது எப்பவும் புதுச் செருப்புதான். பீடைக்குக்கூடப் பழசு பிடிக்கவில்லை, பாருங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, செருப்பை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கொண்டுவந்தார். ஒரு கதை சொன்னார். குவைத்திலே ஒரு மருத்துவமனையிலே நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண். இரண்டு பிள்ளைகளையும் ஊரிலே பாட்டியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவளுடைய அறைத்தோழி ஒரு புகைப்படம் அனுப்பினாளாம். அந்தப் படத்திலே அலமாரியில் வரிசையாகப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. வெள்ளியிலே வார் வைத்தது, குதிகால் உயர்ந்தது, கல் பதித்தது. "பெற்ற பிள்ளையை விட்டுப் போனவளுக்குப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கேட்கிறதா?" என்று சகோதரி கேட்டபோது இந்த மைதானமே அதிர்ந்தது. கைதட்டியவர்களிலே பாதிப் பேர் பெண்கள். அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்தப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் எண்ணினீர்களே அம்மா, வேறு எதையாவது எண்ணினீர்களா? அந்தப் பெண் ஒரு ஷிப்டுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறாள்? வார்டிலே நிற்கும்போது அவள் காலிலே இருப்பது அந்தப் பன்னிரண்டிலே ஒன்றா? இல்லீங்க. தட்டையான வெள்ளைச் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டுதான் ராவும் பகலும் ஓடுகிறாள். அது சம்பளத்துக்குப் போட்ட செருப்பு. மற்ற பன்னிரண்டும் வாரத்திலே ஒருநாள், விடுமுறையன்று, நாலு மணி நேரம் அவள் மனுஷியாக இருக்கிறதுக்குப் போட்டுக்கொள்வது. அந்த நாலு மணி நேரத்தையும் பிடுங்கணும் என்று ஒரு பட்டிமன்றம்! (கைதட்டல்)

இன்னொன்றும் கேட்கிறேன். எழுபதுகளிலே, எண்பதுகளிலே நம்ம ஊர் ஆண்கள் துபாய்க்கும் சவுதிக்கும் போனார்கள். பிள்ளை பிறந்த முகத்தைக்கூடப் பார்க்காமல் போனவர்கள் உண்டு. இரண்டு வருஷம் கழித்து வந்து இறங்கும்போது எப்படி இறங்கினார்கள்? கூலிங் கிளாஸ். தோளிலே டேப் ரிக்கார்டர். தெருமுனையிலே வரும்போதே சென்ட் வாசம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். காலிலே பளபளவென்று ஷூ. ஊர் என்ன சொல்லிற்று? "மாப்பிள்ளை சும்மா ஜம்முன்னு இருக்கார்!" என்று சொல்லிற்று. அவருடைய கூலிங் கிளாஸைப் பார்த்து, "பிள்ளை இங்கே ஏங்குது, இவருக்குக் கண்ணாடி கேட்கிறதா?" என்று ஒருவராவது கேட்டோமா? அதே விமானத்திலே ஒரு தாய் வந்து இறங்கினால் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் காலைப் பார்க்கிறோம்.

ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை, சட்டமும் இப்படித்தான். முப்பது வயது நிறையாத பெண்களை வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று நம்முடைய இந்திய அரசு விதி வகுத்தது. பாதுகாப்புக்காகத்தான், நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது வயதுக்கு மேலே என்றால் போகிறவள் யார்? பெரும்பாலும் பிள்ளை பெற்றவள். இலங்கையிலே இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். 2013-ஆம் ஆண்டு, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். 2022-இல் அந்த நாட்டிலே டாலர் பஞ்சம் வந்தது. உடனே ஐந்து வயதை இரண்டு வயதாகக் குறைத்துவிட்டார்கள்! கஜானா நிரம்பியிருக்கும்போது பிள்ளைக்கு அஞ்சு வயசு வரைக்கும் தாய் வேணும். கஜானா காலியானால் இரண்டு வயது போதும். தகப்பனுக்கு இந்த மாதிரிப் பிள்ளையின் வயதைப் பார்த்து ஒரு விதி கிடையாது. (கைதட்டல்)

சரி, ஆசை இருக்கட்டும், அது என்ன செருப்பு மேலே ஆசை, ஒரு புடவை மேலே, ஒரு நகை மேலே வைக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலே ஒரு பெண்ணின் கழுத்திலே கிடக்கிற நகை அவளுடையதா? கல்யாணத்தன்று அவள் கழுத்திலே ஏறுகிறது. மாமனாருக்கு ஆபரேஷன் என்றால் அடகுக் கடைக்குப் போகிறது. மீட்டு வந்தால் மச்சினன் கடை வைக்கிறான், மறுபடி போகிறது. திரும்பி வந்ததும் மகள் கல்யாணத்துக்கு என்று பீரோவிலே படுத்துக்கொள்கிறது. அது குடும்பத்தின் சேமிப்பு, அவள் அதைச் சுமக்கிற பெட்டி. புடவை? நல்ல பட்டாக ஒன்று வாங்கிப் பாருங்கள். "அக்கா, இந்த ஒரு விசேஷத்துக்குக் கட்டிக்கிட்டுத் தர்றேன்" என்று நாத்தனார் வாங்கிப் போவாள். நானும் கொடுத்திருக்கிறேன், வாங்கியும் கட்டியிருக்கிறேன். தப்பில்லை. ஆனால் செருப்பு? செருப்பை அடகு வைக்க முடியாது. எந்த சேட்டும் எடை போட மாட்டார். ஆறாம் நம்பர் கால் இருக்கிறவளின் செருப்பை எட்டாம் நம்பர் நாத்தனார் கேட்க முடியாது. மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைக்கவும் முடியாது. ஒரு பெண் தன் சொந்தக் காசிலே வாங்கி, குடும்பத்துக்கு எந்த வகையிலும் பிரயோஜனப்படாமல், முழுக்க முழுக்க அவளுடையதாகவே தேய்ந்து போகிற பொருள் இந்த வீட்டிலே அது ஒன்றுதான். அதனால்தான் அது மேலே அவளுக்கு ஆசை. அதனால்தான் நமக்கு அது மேலே கோபம்! (பலத்த கைதட்டல்)

தமிழாசிரியை, இலக்கியம் சொல்லாமல் போனால் சம்பளம் தர மாட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செருப்பு என்பது பழைய சொல். பதிற்றுப்பத்திலே செருப்பு என்ற பெயரில் ஒரு மலையே இருக்கிறது. அதைப் பாடுகிற புலவர், இது காலால் மிதிக்கிற செருப்பு இல்லை என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் பாடுகிறார். அன்றைக்கே கேட்பவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார் போல. ஆனால் நமக்கு இன்னொரு சொல் இருக்கிறது. காலணி. அணி என்றால் என்ன? நகை. காலுக்கு அணி. முள்ளுக்குப் பயந்து போட்டால் செருப்பு, அழகுக்குப் போட்டால் காலணி. அந்த அழகைத் தமிழ் தன் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டது. ஒரு பெண்ணின் காலிலே கிடந்த அணியின் பெயரைத் தன் காப்பியத்துக்கே வைத்த மொழி இது. அந்தக் கால் அணிக்குள்ளே மாணிக்கமா முத்தா என்கிற வழக்கிலே மதுரை எரிந்தது. இங்கே பன்னிரண்டு ஜோடிக்கே எதிரணி எரிகிறது! (சிரிப்பு) சிவன் கோயில் ஊரிலே செருப்பா என்று யாராவது முகம் சுளித்தால் கண்ணப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்புக் காலைத் தூக்கி இறைவன் கண்ணிலே ஊன்றினார். சிவகோசரியார்தான் பதறினார், சிவன் பதறவில்லை.

எதிரணித் தலைவர் உலக வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் எடுத்து வீசினார். பிலிப்பைன்ஸ் நாட்டு அதிபரின் மனைவி இமெல்டா மார்க்கோஸ். 1986-இல் மக்கள் புரட்சியிலே அரண்மனையை விட்டு ஓடினார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேலே ஜோடிச் செருப்பு. உண்மைதான். அதிலே கொஞ்சத்தை மரிக்கினா என்கிற ஊரிலே 2001-இல் திறந்த செருப்பு அருங்காட்சியகத்திலே வைத்தார்கள். ஐயா, அந்த அம்மாளின் குற்றம் செருப்பா? யார் காசு என்பதல்லவா குற்றம்? ஊர்ப் பணத்திலே வாங்கினால் ஒரு ஜோடியும் பாவம்தான். அதே நாட்டைச் சொன்னீர்களே, அதே நாட்டின் இன்னொரு பாதியையும் சொல்லியிருக்கலாம். உலகத்திலேயே தூரத்துத் தாய்மார்களுக்குப் பெயர்போன நாடு அது. ஹாங்காங்கிலே, சவுதியிலே, இத்தாலியிலே வீட்டு வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் போன பிலிப்பைன்ஸ் தாய்மார்கள் எத்தனையோ லட்சம். அவர்கள் மாதக்கணக்காக ஓர் அட்டைப்பெட்டியை மூலையிலே வைத்து நிரப்புவார்கள். 'பாலிக்பயான் பெட்டி' என்று அதற்குப் பேர். சோப்பு, சாக்லேட், துணி, பிள்ளைகளுக்கு ஷூ. கப்பலிலே வீட்டுக்குப் போகும். இமெல்டாவின் அலமாரி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அந்தத் தாயின் பெட்டி தெரியவில்லையே!

அதோடு ஒரு தகவல். குதிகால் உயர்ந்த செருப்பைப் பார்த்தாலே பெண்களின் ஆடம்பரம் என்கிறோம். அதை முதலில் போட்டது ஆண்கள். பாரசீகக் குதிரை வீரர்கள், அங்கவடியிலே கால் வழுக்காமல் நிற்பதற்காகப் போட்டார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய்ச் சீமான்களின் காலிலே ஏறியது. பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் வைத்துத்தான் நடப்பான். அந்தச் சிவப்பு அரசவைக்கு மட்டும் உரியது. ஆகவே நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்பெழுதும்போது உங்கள் முன்னோர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். (சிரிப்பு)

இப்பொழுது நம்ம மாவட்டத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் இந்த ஊர் மேடையை ஒப்புக்கொண்டேன்.

உலகத்துக்கு அழகான செருப்பு எங்கிருந்து போகிறது என்று நினைக்கிறீர்கள்? வடக்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. 1970-களிலே பச்சைத் தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு அரசு தடை போட்டது. பதப்படுத்தி, தைத்து, பொருளாக அனுப்பு என்றது. அப்போதிருந்துதான் அந்த ஊர்களிலே தோல் ஷூவாக மாற ஆரம்பித்தது. ஜெர்மனிக்குப் போகிறது, இங்கிலாந்துக்குப் போகிறது, இத்தாலிக்கே போகிறது. இங்கே நம்ம செய்யாறு சிப்காட்டிலே தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் தொழிற்சாலை. உலகமே ஓடுகிற நைக்கி ஷூ அங்கே தயாராகிறது. உள்ளே ஆயிரக்கணக்கிலே வேலை செய்வது யார்? பெரும்பாலும் பெண்கள். விடியும் முன்னாலே செய்யாறு, வந்தவாசிப் பக்கம் கிராமத்துச் சாலைகளிலே போய்ப் பாருங்கள். கம்பெனி பஸ்சுக்குக் காத்து நிற்பார்கள், கையிலே டிபன் பாக்ஸ். அந்த நேரத்திலே வீட்டிலே பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். குவைத்துக்குப் போனால்தான் தூரமா? தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறதும் தூரம்தான்.

ஆம்பூர்ப் பக்கத்திலே இன்னொரு வகை உண்டு. வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து ஷூவின் மேல் தோலை ஊசியால் கையிலே தைக்கிற பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தோல் கெட்டி, ஊசி பருமன், விரல் காய்த்துப் போகும். அங்கே ஒரு வீட்டிலே நான் பார்த்தேன். ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், மெட்ராஸ் கம்பெனி ஒன்றிலே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகு வீட்டோடு தைக்க வந்தவர். மடியிலே பழுப்பு நிறத்திலே ஓர் ஆண்கள் ஷூ. கடையிலே அதன் விலை என்ன என்று அவருக்குத் தெரியாது. "எங்கியோ ஒரு தொரை போட்டுக்கினு போவாரு, போகட்டும்" என்றார். அவர் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. "உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கணும்னு தோணலையா?" என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார், உள்ளே போனார், பரண் மேலே இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே காகிதம் சுற்றின ஒரு ஜோடி. கருப்பு, பக்கத்திலே சின்னதாக ஒரு பித்தளை வளையம், இரண்டு விரற்கடை உயரக் குதிகால். மெட்ராசிலே இருந்தபோது தீபாவளிக்கு வாங்கினதாம். "போட்டதே இல்லைங்க. ஊர்ல சிரிப்பாங்க. அப்பப்ப எடுத்து வாசனை பார்ப்பேன்" என்றார்.

நடுவர் அவர்களே, ஊர் ஊராகப் பட்டிமன்றம் பேசிப் பேசி எனக்குத் தொண்டை தழுதழுப்பது அபூர்வம். அன்றைக்குத் தழுதழுத்தது. ஊருக்கெல்லாம் அழகு தைத்துக் கொடுக்கிற கை, தன் காலுக்கு ஓர் அழகை எடுத்துப் போட ஊரின் சிரிப்புக்குப் பயந்து, பரண் மேலே ஒளித்து வைத்திருக்கிறது. எதிரணிச் சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு விழுந்த கைதட்டல் இருக்கிறதே, அதுதாம்மா அந்தச் சிரிப்பு. (கைதட்டல்)

ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கந்து வட்டிக்கு வாங்கிச் செருப்பு எடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலே கை வை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் செய்கிற தாயையும் பார்த்திருக்கிறேன், தகப்பனைப் பத்து மடங்கு பார்த்திருக்கிறேன். நான் பேசுவது, கடமையெல்லாம் செய்த பிறகு மீந்த காசைப் பற்றி. அந்த மீந்த காசையும் அவள் கணக்குக் காட்டித்தான் செலவழிக்கணுமா என்பதுதான் வழக்கு.

எதிரணியிலே இந்த ஊர் அழகம்மையாரை எடுத்துக்காட்டினார்கள், தியாகத்துக்கு. நான் அந்தப் பெயரைச் சொல்லும்போதே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு கடைசியிலே, பதினாறு வயதுப் பிள்ளை வேங்கடராமன் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து கிளம்பி, செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். பின்னாலே உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. தாய்க்கு இரண்டு வருஷம் பிள்ளை இருக்கிற இடமே தெரியாது. 1898-இல் தெரிந்து, மூத்த மகனை அழைத்துக்கொண்டு பவழக்குன்றுக்கு ஓடி வந்தார். நாள் கணக்காக அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. கடைசியிலே ஒரு தாளிலே எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். தாய் திரும்பிப் போனார். பிறகு 1916-இல்தான் பிள்ளையோடு தங்கவே வந்தார். இருபது வருஷ தூரம்! மானாமதுரைக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவிலே இருந்த தூரத்தைச் சொல்லவில்லை, அதை ரயிலிலே கடந்துவிடலாம்.

ஆனால் வந்த தாய் எப்படி வந்தார்? ஆசையெல்லாம் உதிர்த்துவிட்டு மரக்கட்டையாகவா வந்தார்? இல்லை. அந்த அம்மாவுக்கு அப்பளம் இடணும். துறவியான மகனையே கூப்பிட்டு, அப்பளம் இட உதவி செய்யச் சொன்னார். மகன் அதற்கு ஒரு பாட்டே எழுதிக் கொடுத்தார், 'அப்பளப் பாட்டு' என்று இன்றைக்கும் பாடுகிறார்கள். ஆசையை வென்ற பிள்ளைக்கு, தாயின் சின்ன ஆசை குற்றமாகத் தெரியவில்லை. 1922 மே 19-ஆம் தேதி அந்தத் தாயின் தலையிலும் நெஞ்சிலும் கை வைத்தபடி கடைசிவரை பக்கத்திலேயே இருந்தார். தாயின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. 1949-இல் அங்கே மாத்ருபூதேஸ்வரர் சன்னிதிக்குக் குடமுழுக்கு நடந்தது. அந்தத் தாயின் பெயரைக் கவனித்தீர்களா? அழகம்மை. அழகு வேண்டாம் என்று வாதிட வந்தவர்கள் எடுத்துக்காட்டிய பெயரிலேயே அழகு! (நீண்ட கைதட்டல்)

இனி என் கதை. இரண்டு நிமிடம் கொடுங்கள்.

1998-இல் எனக்குப் புதுக்கோட்டையிலே கல்லூரி வேலை. வீடு இங்கே. மகளுக்கு இரண்டு வயது, என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் திருச்சி, விழுப்புரம் என்று பஸ் மாறி மாறி நடுராத்திரி வந்து சேருவேன். ஞாயிறு ராத்திரி மறுபடி பஸ். ஆறு வருஷம். வாரத்து நடுவிலே எஸ்.டி.டி. பூத். ராத்திரி கட்டணம் குறைகிற நேரம் பார்த்து வரிசையிலே நின்று பேசுவேன், அதற்குள்ளே குழந்தை தூங்கிவிடும். "இப்பதான் தூங்கினா" என்று அம்மா சொல்வதைக் கேட்கிறதுக்குக் காசு.

புதுக்கோட்டையிலே ஒரு பெரிய செருப்புக் கடை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து ஷூ வாங்கணும், அளவு வேணும். அம்மா என்ன செய்தார்? குழந்தையை நோட்டுத் தாள் மேலே நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தபாலிலே அனுப்பினார். உறையைப் பிரித்தால் உள்ளே என் மகளின் கால். ஐந்து விரலும் வளைந்து வளைந்து, சுண்டுவிரல் பக்கம் கூச்சத்திலே அசைந்துவிட்டது போல, பென்சில் தடம் மாறியிருக்கும். ஒவ்வொரு ஜூன் மாதத்துக்கும் ஒரு கால் வரும். கடைக்காரர் சொன்னார், இங்கிலீஷ் அளவிலே ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்திலே மூன்றில் ஒரு பாகம், அந்தக் காலத்திலே ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து அளந்தார்களாம். என் மகள் வளர்ந்ததை நான் பார்லி மணிக் கணக்கிலேதான் தெரிந்துகொண்டேன். அந்தத் தாள்களெல்லாம் இன்னும் என் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு உள்ளே இருக்கின்றன. அந்த ஏட்டை அதற்காகத்தான் இப்போது திறக்கிறேன், வேறு எதற்கும் இல்லை. (சிரிப்பு)

அப்படி ஒரு ஜூனிலே, அவளுக்கு வாங்கிவிட்டு, எனக்கும் ஒன்று எடுத்தேன். பழுப்பு நிறம், ஓரத்திலே பின்னல், நடந்தால் டக் டக்கென்று சத்தம் வரும். விலை 399 ரூபாய் 95 காசு. அந்த ஐந்து காசை யாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் பெரியம்மா திண்ணையிலே இருந்தபடி, "புள்ள இங்க ஏங்குது, இவளுக்கு டக்கு டக்குன்னு நடை கேக்குது" என்றார். எதிரணிச் சகோதரியின் குரல் எனக்குப் புதுசில்லை, இருபத்தைந்து வருஷமாகக் கேட்ட குரல்.

என் மகள் என்ன செய்தாள்? சனி ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் செருப்புக்குள்ளே தன் காலை விட்டுக்கொண்டு கூடம் முழுக்க டக் டக்கென்று நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்சுக்கு நேரமாயிற்று. ஒரு செருப்பு இருக்கிறது, இன்னொன்றைக் காணோம். வீடெல்லாம் தேடுகிறோம். கடைசியிலே என் அம்மா சமையலறையிலிருந்து, "ஐயையோ, அரிசி டிரம்முல!" என்று அலறினார். (சிரிப்பு) மகள் மூலையிலே நின்றுகொண்டு, "ஆயா, எடுக்காத! எடுத்தா அம்மா பூடும்!" என்று கத்தினாள்.

புடவையை ஒளிக்கவில்லை, பையை ஒளிக்கவில்லை, பஸ் டிக்கெட்டுக்கு வைத்த காசை ஒளிக்கவில்லை. அம்மாவிடம் அம்மாவுடையதாக எது இருக்கிறது என்று அந்த நாலு வயதுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஜோடியை வீட்டிலேயே விட்டேன். அந்த வாரம் அம்மா கடிதம் போட்டார்: பாய்க்குப் பக்கத்திலே இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள், எடுத்து வாசலிலே வைத்தால் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள் என்று. வகுப்பிலே அன்றைக்கு எனக்குக் கம்பராமாயணம், அயோத்தியா காண்டம். பாதுகையைத் தலையிலே வைத்துக்கொண்டு பரதன் திரும்புகிற இடம். பதினான்கு வருஷம் அண்ணன் வரமாட்டான், செருப்பு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே நடத்தினான் ஒருவன். எத்தனையோ தடவை நடத்திய பாடம். அன்றைக்கு நடத்த முடியவில்லை, மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அதே மகள் இன்றைக்குப் புனேயிலே வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஒரு பையன், மாமியார் வீட்டிலே கோயம்புத்தூரிலே வளர்கிறான். போன மாதம் போன் பண்ணினாள். "அம்மா, ஒரு தாள் மேல நின்னு, கால சுத்திக் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பு" என்றாள். எதுக்குடி என்றேன். "அனுப்பு" என்றாள். முழங்கால் வலியோடு குனிந்து நானே கோடு போட்டேன். கோணல்மாணலாக வந்தது, கட்டை விரல் பக்கம் எலும்பு துருத்திக்கொண்டு, அரை நம்பர் கூடியிருக்கிறது. எட்டாம் நாள் பார்சல் வந்தது.

நடுவர் மணியடித்துவிட்டார். அந்தப் பார்சலிலே வந்ததைத்தான் இந்த மேடைக்குப் பக்கத்திலே, படிக்கட்டு ஓரமாகக் கழற்றி வைத்திருக்கிறேன். கரும்பச்சை நிறம். எதிரணிச் சகோதரி பேசிக்கொண்டிருந்தபோதே இரண்டு தடவை அதைத் திரும்பிப் பார்த்தார், நான் கவனித்தேன். அதனால் தீர்ப்பு வருவதற்கு முன்னாலே போய் அதன் பக்கத்திலே உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்கிறேன். (சிரிப்பு, கைதட்டல்)